ரப்பர் ஆகாத பிள்ளையும் கோடை முகாமும்

1

என் மகளுக்கு ரப்பர் ஆகாது.

இந்த ஒரு வரியை ஊரில் யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு "நெசமாவா?" என்று கேட்கிறார்கள். பிறகு மறுபடியும் சிரிக்கிறார்கள். இலங்கையில் தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் என் தாயும் தகப்பனும் ரப்பர் வெட்டினார்கள். என் அக்கா மரியாயி இன்றைக்கும் விடிந்தும் விடியாமலும் கத்தியும் வாளியுமாக மலை ஏறுகிறாள். நான் படித்த புத்தகமெல்லாம் அந்த மரத்துப் பாலில் வாங்கியது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண்ணுக்கு ரப்பர் பட்டால் உடம்பு தடித்து மூச்சு அடைக்கிறது என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

சிரித்து முடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த ஜூலையில் என் மகள் அனிஷா, வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்களைப் பிரிந்து ஒரு கோடை முகாமுக்குப் போனாள். நாங்கள் இப்போது இருக்கும் கனடாவில் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் முகாமுக்குப் போவது, நம் பக்கத்தில் பிள்ளைகள் ஆற்றில் குளிக்கப் போவது போல சாதாரணம். எங்கள் வீட்டில் அது சாதாரணமாக நடக்கவில்லை. நடந்ததை ஒழுங்காகக் குறித்து வைத்தால்தான் என் எரிச்சல் அடங்கும் போலிருக்கிறது.

2

அனிஷா பிறக்கும்போதே முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவள். இடுப்புக்குக் கீழே பலம் கிடையாது, சக்கர நாற்காலிதான். குழந்தையில் அறுவைச் சிகிச்சை மேல் அறுவைச் சிகிச்சை. அந்தக் கையுறைகள், குழாய்கள் எல்லாம் ரப்பர். திரும்பத் திரும்பப் பட்டதில் உடம்பு ரப்பரைப் பகையாளியாக எடுத்துக்கொண்டது. இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் பலருக்கு இது வரும் என்று டாக்டர் சொன்னார். "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ரப்பரோடு தொடர்பு உண்டா?" என்றும் கேட்டார். நானும் ஸ்டெல்லாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஸ்டெல்லா கேகாலைப் பக்கத்துத் தோட்டம். அவள் அப்பா ரப்பர் பாலை ஆசிட் ஊற்றி உறையவைக்கும் ஸ்டோரில் புகைக்கூடத்துக்கு விறகு போட்டவர்.

அதனால்தான் பதின்மூன்று வயதாகியும் அவளை ஊருக்குக் கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போனால் எங்கே இறக்குவது? வாசலில் நின்றால் மரம். லயத்து வரிசை வீடுகளின் பின்னால் காயப்போட்ட ரப்பர் தாள். அக்காவின் உடுப்பெல்லாம் பால் கறை.

இந்த முகாம் முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த பிள்ளைகளுக்கானது. வடக்கே ஒரு ஏரிக்கரையில் நடக்கிறது. பலூன் கிடையாது, ரப்பர் கையுறை கிடையாது, ரப்பர் பந்து கிடையாது. அங்கே படகு விடுவதும் பாட்டுப் பாடுவதும் இருக்கட்டும். எங்களுக்கு வேண்டியது வேறு. அனிஷாவுக்குச் சிறுநீர் தானாகப் பிரியாது. நேரத்துக்கு நேரம் மெல்லிய குழாய் போட்டு எடுக்கவேண்டும். பிறந்ததிலிருந்து அதை ஸ்டெல்லாதான் செய்கிறாள். மதியம் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் செய்துவிட்டு வருவாள். முகாமில் தாதிமார் பக்கத்தில் இருந்து, பிள்ளைகளே தங்களுக்குச் செய்துகொள்ளக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதைக் கற்றுக்கொண்டுவிட்டால் தாயின் கையை எதிர்பார்க்காமல் உயர்பள்ளிக்குப் போகலாம். விமானத்தில் நெடுந்தூரம் போகலாம். டாக்டரும் சொல்லியிருந்தார்: "முகாம் முடிந்து வரட்டும். தோட்டத்துக்கு வேண்டாம். கடற்கரைப் பக்கம் எங்காவது தங்கி உங்கள் சொந்தங்களைப் பார்க்க முடியுமா என்று யோசிப்போம்."

இதை நான் அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

3

முகாம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். பிள்ளையைப் பற்றி விசாரிக்கவாம். என்ன சாப்பிடுவாள், இருட்டுக்குப் பயமா, கோபம் வந்தால் என்ன செய்வாள் என்று வரிசையாகக் கேட்டாள். கோபம் வந்தால் அவள் ஒன்றும் செய்யமாட்டாள், என்னோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசுவாள் என்றேன். அதை அவள் நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு "வீட்டில் ரப்பர் பொருட்கள் எவை என்று உங்களுக்கு அடையாளம் தெரியுமா?" என்றாள்.

தெரியுமாவா! பட்டையை எந்தச் சாய்வில் வெட்டவேண்டும், மழை பெய்தால் ஏன் வெட்டக் கூடாது, சிரட்டையில் உறைந்துபோன ஒட்டுப்பாலை என்ன செய்வார்கள், பிரேசில் காட்டு விதை லண்டன் வழியாக இலங்கைக்கு எப்படிக் கப்பலேறி வந்தது, எங்கள் முன்னோர் எப்படிக் கப்பலேறி வந்தார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "ஆக, குக்கரின் வளையம் ரப்பரா, சிலிக்கோனா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

இதே மாதிரிதான் எல்லாமே. எங்கள் தெருவில் இலங்கையின் வடக்கிலிருந்து வந்த தமிழர்கள் நிறையப் பேர். நான் வாய் திறந்ததும் "நீங்கள் இந்தியாவோ?" என்பார்கள். இலங்கை என்றால், "இலங்கையில் எந்த இடம்?" இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் நடுவில் என்றால், "அங்கையும் தமிழாக்கள் இருக்கினமோ?" நான் இப்போதெல்லாம் "இந்தியாதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன். அனிஷா சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவர்களுடைய தமிழைத்தான் படிக்கிறாள். அக்காவோடு பேசும்போது ஆமாம் என்பதற்கு எப்போதும் "ஓம் அத்தை, ஓம் அத்தை" என்பாள்.

"என்னடா தம்பி, ஒம் மக சாமியார் மாதிரி ஓம் ஓம்ங்கிறா? நாம வேதக்காரங்கன்னு சொல்லி வளக்கலியா?" என்று அக்கா ஒருநாள் முழுக்கச் சிரித்தாள்.

4

அக்கா சிரிப்பவள்தான். ஆனால் ஒரு விஷயத்தில் சிரிக்கமாட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் மட்டும் ஊருக்குப் போயிருந்தேன். அவிசாவளையிலிருந்து பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தவனை லயத்து வாசலில் நிறுத்தி, என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"புள்ள எங்க?"

"அக்கா, அதான் சொன்னேனே. அவளுக்கு இங்க வரமுடியாது. ரப்பர் ஆகாது."

"நடக்காத புள்ளைய சனங்க பாக்கும், பேசும்னு ஒனக்கு வெக்கம். அத சொல்லு. நான் ஒத்துக்கிறேன். எங்கள சோறு போட்டு வளத்த மரத்து மேல பழி போடாத."

"டாக்டரே சொன்னாரு, அக்கா."

"டாக்டர்! நம்ம கங்காணி மக லலிதாவுக்குக் கூடத்தான் கை அரிச்சுது. ஸ்டோர்ல ஆசிட் பட்டா யாருக்கும் அரிக்கும். கழுவுனா போயிரும்."

நான் அன்றைக்குப் பேசிய பேச்சையெல்லாம் ஒரு சுவரிடம் பேசியிருந்தால் சுவராவது ஈரமாகியிருக்கும். பக்கத்து வீட்டு சிங்களக்காரப் பெண் குசுமா நங்கி வந்து எட்டிப் பார்த்தாள். அக்கா அவளிடம் சிங்களத்தில் என் கதையைச் சொன்னாள். இரண்டு பேரும் ஐயோ பாவம் என்பது போல "அனே" என்று தலையாட்டினார்கள். அந்த "அனே" அனிஷாவுக்கா, வெட்கப்படுகிற தகப்பனுக்கா என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. அனிஷாவை அவள் தொட்டதே இல்லை, தொலைபேசியில் பார்த்ததோடு சரி.

5

முகாமுக்குப் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, கஹவத்தையிலிருந்து ஸ்டெல்லாவின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் இங்கே மகளைப் பார்க்க வந்தார். அக்கா அவரிடம் ஒரு பொதி கொடுத்து அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அதை அடுப்படி மேசையில் வைத்துப் பிரித்தோம்.

மேலே கருவாடு. மிளகாய்த்தூள். ஒரு முழு பைக்கற்று ஊர்த் தேயிலை. பொதியெல்லாம் நூலால் கட்டியிருந்தது. வழக்கமாக ரப்பர் வளையம் போட்டுத்தான் கட்டுவாள். "பாருங்க, அக்கா ரப்பர் போடல," என்றாள் ஸ்டெல்லா. அவள் குரலில் ஒரு சந்தோஷம்.

அடியில் மடித்து வைத்த பூப்போட்ட துணி ஒன்று. ஓரத்தில் நாடா தைத்து, நான்கு மூலையிலும் கட்டு வைத்து, நாற்காலியில் விரிப்பதற்குத் தோதாக அளவெடுத்த மாதிரி இருந்தது. அதை ஸ்டெல்லா தூக்கும்போதே எனக்கு வாசனை வந்துவிட்டது. வெளியூர்க்காரனுக்கு அது புளித்த மாவு மாதிரி ஏதோ ஒரு நாற்றம். எனக்கு அது என் அம்மாவின் கை.

"கீழ போடு," என்றேன்.

"என்னங்க?"

"கீழ போடு அத!"

நான் கத்தியதைக் கேட்டுத்தான் அனிஷா உள்ளே வந்தாள். "அத்தை அனுப்பினதோ?" என்று கேட்டபடி, ஸ்டெல்லா மேசையில் போட்ட துணியை, நாங்கள் தடுப்பதற்குள் எடுத்து மடியில் வைத்து முகர்ந்தும் பார்த்துவிட்டாள்.

தோட்டத்தில் மழைக்கு இடுப்பில் கட்டும் படங்குக்கும், கைக்குழந்தைக்கு விரிக்கும் துணிக்கும் ரப்பர் பாலைப் பூசிக் காயவைப்பார்கள். தண்ணீர் இறங்காது. நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிற பிள்ளை, சில நேரம் நனைந்துவிடும், முகாமில் மற்றப் பிள்ளைகள் முன்னால் வெட்கமாக இருக்கும் என்று அக்கா யோசித்திருக்கிறாள். யோசித்து, நம்பாவிட்டாலும் ரப்பர் ஆகாது என்று நான் சொன்னதையும் அவளுக்குத் தெரிந்த வழியில் நினைவில் வைத்து, அந்தத் துணியைச் செய்திருக்கிறாள்.

முதலில் கண்ணிமை வீங்கியது. பிறகு கழுத்தில் தடிப்பு. "அப்பா, I can't..." என்றாள். மிச்சத்தை மூச்சு சொல்லவிடவில்லை. ஸ்டெல்லா அவசர ஊசியைத் தொடையில் குத்தினாள். நான் ஆம்புலன்சுக்கு அழைத்தேன். என் வீட்டு விலாசத்தை எனக்கே இரண்டு தடவை யோசித்துத்தான் சொல்ல வந்தது.

6

பிள்ளை பிழைத்தாள். சாயந்தரத்துக்குள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஜெலி சாப்பிட்டாள். அதற்குப் பிறகு தொடங்கியது எங்கள் பாடு.

முகாமுக்கு அறிவித்தோம். மறைக்கக் கூடாது என்று ஸ்டெல்லா சொன்னாள், அது சரிதான். அவர்கள் மிகவும் வருந்தினார்கள். வருத்தத்தோடு வருத்தமாக, ஒவ்வாமை நிபுணரின் அனுமதி இல்லாமல் சேர்க்க முடியாது என்றார்கள். நிபுணரின் அலுவலகத்தில் அக்டோபரில் வரச் சொன்னார்கள். முகாம் ஜூலையில் என்றேன். "அப்படியானால் அடுத்த வருடம் போகலாமே?" என்றாள் அங்கிருந்த பெண். அடுத்த வருடம் வரைக்கும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உயர்பள்ளி வாசலில் ஸ்டெல்லா நிற்பாள் என்று அவளுக்கு எப்படி விளக்குவது? விளக்கினேன். "புரிகிறது," என்றாள். இந்த நாட்டில் "புரிகிறது" என்றால் முடியாது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்தால் வேறு சண்டை. அடுப்படி மேசை, சக்கர நாற்காலி, அதன் பட்டி, திரைச்சீலை எல்லாவற்றையும் கழுவினோம். அனிஷா அறைக் கதவை மூடிக்கொண்டு, "எனக்கு முகாமும் வேண்டாம், ஊரும் வேண்டாம்," என்றாள். ஆங்கிலத்தில்.

இதற்கு நடுவில் அக்கா தினமும் அழைக்கிறாள்.

"துணி வந்துச்சா? விரிச்சு உக்காந்தாளா? அளவு சரியா இருக்கா?"

"நல்லா இருக்குக்கா."

"ரப்பர் ஒண்ணும் போடலடா. ஆசிட் போட்டு, பொகையில வச்சாத்தானே அது ரப்பராவும், அரிக்கும். காலங்காத்தால வெட்டுன பச்சப் பாலு, ஒரு சொட்டு ஆசிட் சேக்காம, நாலு பூச்சு பூசி நெழல்ல காயவச்சேன். கணக்கப்புள்ளைக்குத் தெரியாம எடுத்த பாலு. யாருகிட்டயும் சொல்லிறாத."

ஆசிட் சேர்க்காத பச்சைப்பால்தான் அனிஷாவுக்கு எல்லாவற்றிலும் பொல்லாதது. இதை நான் அவளிடம் எப்படிச் சொல்வது? தொலைபேசியை வைத்துவிட்டு மேசையில் குத்தினேன். "அவங்ககிட்ட சொல்லாதீங்க, ஒடைஞ்சு போயிருவாங்க," என்றாள் ஸ்டெல்லா. சொல்லாவிட்டால் அடுத்த பொதியில் பால் பூசின தலையணை வரும் என்றேன்.

7

நிபுணரின் அலுவலக வாசலில் நான் மூன்று காலைப் பொழுதுகள் உட்கார்ந்தேன். தோட்டத்தில் தொரையைப் பார்க்க ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து பழகியவன் நான். அந்தப் பொறுமை இங்கேதான் பயன்பட்டது. கடைசியில் டாக்டரே வெளியே வந்து, "நீங்கள் யார்?" என்றார். அனிஷாவைக் கூட்டிவரச் சொல்லிச் சோதித்தார். எச்சரிக்கையோடு போகலாம் என்றார். முகாமில் முதல் தொகுதி போய்விட்டது. அடுத்த தொகுதியில் ஒரு பிள்ளை வரவில்லையாம், அந்த இடத்தைக் கொடுத்தார்கள்.

"நான் போகமாட்டேன்," என்றாள் அனிஷா.

அந்த நேரம் பார்த்து அக்காவின் அழைப்பு. நான் எடுப்பதற்கு முன்னால் அனிஷா என் தொலைபேசியைப் பிடுங்கிவிட்டாள்.

"அத்தை, நீங்கள் அனுப்பினது எனக்குச் சுகமில்லாமல் ஆக்கிப்போட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போனனான். மூச்சு வரேல்லை."

"என்னது? என்ன சொல்றா இவ? டேய், என்னடா சொல்றா?"

அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஸ்டெல்லா எடுத்து வைத்த படத்தை அனிஷா திரையில் காட்டினாள். மூடிப்போன கண்கள், மூக்கில் குழாய்.

அக்கா பார்த்தாள். தோட்டத்தில் அப்போது மழை என்று தகரத்தில் விழும் சத்தத்தில் தெரிந்தது. முகத்தைத் திரைக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து மறுபடியும் பார்த்தாள்.

"அப்ப நெசந்தானா," என்றாள்.

"ஓம் அத்தை."

"ஒங்கப்பன் பொய் சொல்றான்னு நெனச்சேன்மா. இத்தன வருசமும். ஒன்னய காட்ட வெக்கப்படுறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்." முகத்தைத் திரையிலிருந்து திருப்பிக்கொண்டாள். "நான் கொன்னுருப்பேனே ஒன்னய."

அனிஷாவுக்கு அழுகிற பெரியவர்களிடம் என்ன பேசுவதென்று தெரியாது. "பரவாயில்லை அத்தை," என்றாள். சற்று யோசித்து, "துணி வடிவா இருந்தது," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, ஆங்கிலத்தில், "சரி, போகிறேன். ஆனால் அம்மா வாசல் வரைக்கும்தான் வரலாம்," என்றாள்.

8

போனாள். முகாமில் தொலைபேசி கிடையாது. ஸ்டெல்லா மதியமானால் பழக்கத்தில் காரின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பாள், பிறகு மாட்டிவைப்பாள். நான் வாசித்த பக்கத்தையே திரும்ப வாசித்தேன்.

கூட்டிவரப் போனபோது அனிஷா வெயிலில் கறுத்து, குரல் கம்மி, எங்களைக் கண்டு பெரிதாகச் சந்தோஷப்படாமல் இருந்தாள். குழாயைத் தானே போட்டுக்கொள்கிறாளாம். "அதெல்லாம் ரெண்டாம் நாளே," என்று தோளைக் குலுக்கினாள். வரும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி, பெட்ரோல் கடைக் கழிப்பறைக்குத் தனியாகப் போனாள். ஸ்டெல்லா வெளியே நின்றாள். அனிஷா அவளை உள்ளே கூப்பிடவே இல்லை. காருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து ஸ்டெல்லா அழுதாள். சந்தோஷமா, வேலை போன துக்கமா என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கே அனிஷா அத்தையைக் கூப்பிட்டாள். முகாம் கதையெல்லாம் சொன்னாள். பாதி அக்காவுக்குப் புரியவில்லை, சரி சரி என்பதற்குச் சிங்களத்தில் ஹரி ஹரி என்று தலையாட்டினாள். உதவிக்கு இருந்த ஒரு பெண் வெளியே ஒரு பிறந்தநாள் விழாவில் பலூன் ஊதிவிட்டு வந்தாளாம். குளித்து, உடுப்பு மாற்றிய பிறகுதான் அவளைப் பிள்ளைகள் பக்கத்தில் விட்டார்களாம்.

"பலூன் ஊதுனதுக்கேவா?" என்றாள் அக்கா.

"ஓம்."

அக்கா தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். திரையில் எனக்கும் தெரிந்தது. நகக்கண்ணில், ரேகையில், கறுத்து இறுகின பால்.

"தம்பி, இது எத்தன நாள்ல போவும்?"

"தெரியாதுக்கா. டாக்டர்கிட்ட கேக்கணும்."

கேட்டேன். ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில்தான் கேட்கவேண்டுமாம். கேள்வியின் வகையைத் தெரிவு செய் என்றது. மருந்து, சந்திப்பு, பரிசோதனை முடிவு. ஆயுளெல்லாம் ரப்பர் வெட்டிய ஒரு பெண் வெட்டுவதை நிறுத்தி எவ்வளவு காலம் கழித்து ஒரு பிள்ளையைத் தூக்கலாம் என்பது எந்த வகை? "மற்றவை" என்று அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் வந்தது. அவ்வளவுதான் வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் அக்கா பேசினாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"நான் இப்ப பால் வெட்டப் போறதில்ல. தொரைகிட்ட சொல்லிச் சில்லற வேலைக்கு மாத்திக்கிட்டேன். புல்லு வெட்டுறேன், தண்ணி ஓடுற காணு வெட்டுறேன்."

"அக்கா! ஒனக்கென்ன பைத்தியமா? டிக்கெட் போடல. டாக்டர் இன்னும் பதில் சொல்லல. எந்த மாசம்னு கூடத் தெரியாது. வருவோமான்னே தெரியாது. இத்தன வருசத் தொழில யாராவது இப்படி வுடுவாங்களா?"

"கத்தாத. ஒனக்கு டாக்டர் சொல்லணும், பேப்பர் வரணும், தேதி வேணும். எல்லாம் வரட்டும், வர்றப்ப வரட்டும்." கையைத் திரைக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து விரித்தாள். "இங்க பாரு. கட்டவெரல் வெளுத்திருச்சு."